ஆயுத பூஜையன்று எடுத்த படம்

நைனா,

நல்லா இருக்கியா என்று கேட்டு இதை ஆரம்பிக்கப் போவதில்லை. நேற்றுதான் போனில் கேட்டேன், நீயும் "இருக்கேம்மா" என்றாய், அதோடு முடிந்தது. அப்பாவின் முதல் வருஷத் திதிக்கு வருகிறேன், மறுவாரமே வேலைக்கு வியட்நாம் புறப்படுகிறேன், விசா கைக்கு வந்துவிட்டது, எல்லாம் சொன்னாய். ஆயுத பூஜைப் படத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன் என்று நான் சொன்னபோது மட்டும் குரலை இறக்கி, "அந்தப் படத்த மாட்டாதம்மா. நான் வர்றப்ப அது செவுத்துல இருக்கக் கூடாது" என்றாய். நான் சரி என்று சொல்லவில்லை, கவனித்தாயா? கவனித்திருக்க மாட்டாய். போனில் எனக்கு வாதாட வராது. நான் ஒரு வார்த்தை எடுப்பதற்குள் நீ பத்து வார்த்தை பேசி முடித்துவிடுவாய், எனக்கு அழுகை வந்துவிடும், அழுகை வந்தால் சொல்ல வந்தது போய்விடும். அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும். உன் அப்பா முகத்தைக் கோர்ட்டில் அத்தனை பேர் பார்த்தாயிற்று, இனிமேல் ஒளித்து வைக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

இப்போது சுவரில் தொங்குவது அவருடைய ஓட்டர் அட்டைப் படம். அவர் போன அன்று கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க உன் சித்தப்பா நல்ல படமாக ஒன்று கேட்டார். நீதான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு, "ஓட்டர் ஐடில இருக்கறத எடுத்துக்குங்க" என்றாய். அந்தப் படத்தில் ஒரு கண் பாதி மூடியிருக்கும், கன்னம் ஒட்டிப்போய், ஸ்டேஷனில் உட்கார வைத்துப் பிடித்த ஆள் மாதிரி இருப்பார். அதைப் பெரிதாக்கி, சேக்காடு பஸ் ஸ்டாப்பில் கட்டினார்கள். நாலு நாள் கழித்து வந்த கீரைக்காரம்மா என் நெற்றியைப் பார்த்துவிட்டுக் கூடையை இறக்கிவிட்டாள். "ஐயோ, உங்க ஊட்டுக்காரராமா அது? தெனம் அந்தப் பக்கமாதான் போறேன். படத்தப் பாத்து வேற யாரோன்னு நெனச்சிகினேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். இருபது வருஷமாக அவரிடம் பேரம் பேசியவள் அவள். அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. ஒரு வருஷமாக நான் அந்த முகத்துக்குத்தான் பூ வைக்கிறேன், வைக்கும்போதெல்லாம் யாரோ அந்நியருக்கு வைக்கிற மாதிரி இருக்கிறது.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் நீ அதை உன் கம்பெனி பக்கத்திலிருந்து மட்டும் பார்த்திருக்கிறாய், நான் பார்த்த பக்கம் வேறு. அம்பத்தூர் எஸ்டேட்டில் உன் அப்பாவுக்கு ஒரு மோல்டு பட்டறை. பிளாஸ்டிக் சாமான்கள் வார்க்கிற இரும்பு அச்சு செய்வார். பக்கெட் கைப்பிடி, மிக்சி மூடி, சுவிட்ச் பெட்டி. அவர் அச்சில் வந்த சாமான் பாதி மெட்ராஸ் வீட்டில் இருக்கும், எதிலும் அவர் பேர் இருக்காது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டும் நான் பார்த்ததில்லை. நீ டிசைன் படித்து, பூந்தமல்லி தாண்டி பெங்களூர் ரோட்டில் இருந்த அந்தச் சின்ன போன் கம்பெனியில் சேர்ந்தாய். ஒரு நாள் சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்து அவரிடம் ஒரு போனின் பின்பக்கத்தைக் காட்டினாய். காமிராவுக்குக் கீழே ஆள்காட்டி விரல் உட்காருகிற மாதிரி ஒரு பள்ளம், அங்கிருந்து ஓரம் வரைக்கும் சரிந்து இறங்குகிற ஒரு மடிப்பு. "இது எதுக்குடா?" என்றார். "எண்ணெய்க் கையோட நீ எத்தினி போன கீழ போட்டிருக்க? அதுக்குதான்" என்றாய். அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சாம்பிள் பண்ண கம்பெனி வேறு இடம் பார்த்து, அங்கே தாமதமாகி, கடைசியில் நம் பட்டறைக்கே அந்த வேலை வந்தது. யாரிடமும் காட்டக் கூடாது என்று ஆங்கிலத்தில் ஒரு பத்திரம் நீட்டினாய், அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார், மகன் நீட்டின காகிதம் என்பதால். அந்த நாட்களில் மத்தியானச் சாப்பாடு எடுத்துக்கொண்டு நான் பட்டறைக்கு வருவேன். வாசலுக்கு வரும்போதே உங்கள் சண்டை கேட்கும். "அந்த மடிப்பு இன்னும் கூரா வரணும்பா." "கூரா வந்தா அச்சுல மாட்டிக்கும்டா, பீஸு வெளிய வராது." "வர வை." "நீயே வந்து வர வையேன், பெரிய இவன்." நான் சாப்பாட்டுக் கூடையை வைத்துக்கொண்டு வெளியே சிரித்துக்கொண்டு நிற்பேன். பத்தாவது படிக்கும்போதிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. உங்களுக்குள் வந்தது சண்டையாக இருந்தாலும் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பட்டறை வழக்கம் உனக்கும் தெரியும். புது அச்சிலிருந்து முதலில் வருகிற பீஸை அவர் யாருக்கும் தர மாட்டார், அது சாமிக்கு. உன் போன் முதுகின் முதல் பீஸ் ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. நீ கம்பெனி வேலையாக டெல்லி கிளம்பிவிட்டாய். யாருக்கும் காட்டக் கூடாது என்பது அவருக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. ஒரு கஸ்டமருக்கும் காட்டவில்லை, வேலை செய்கிற ஆட்களைக்கூட அந்த மேஜைப் பக்கம் விடவில்லை. ஆனால் பூஜையில் வைப்பது காட்டுவதாகும் என்று அவர் புத்திக்கு எட்டவில்லை. என் புத்திக்கும்தான் எட்டவில்லை. மிஷின்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பிள்ளையார் முன்னால் ஸ்பானர், அளவு பார்க்கிற வெர்னியர் எல்லாம் வரிசையாக வைத்துவிட்டு, நடுவில் ஒரு வெற்றிலை போட்டு அதன் மேல் உன் போனைக் கவிழ்த்து வைத்தார். நான்தான் அந்தப் பள்ளத்தில் குங்குமம் வைத்தேன்.

அன்றைக்கு எஸ்டேட்டே ஒருத்தர் பட்டறைக்கு ஒருத்தர் போய்ப் பொரி கடலை வாங்குகிற நாள் அல்லவா. பக்கத்துப் பட்டறைக்காரர் வந்தார், "இன்னா மொதலாளி, போன் கம்பெனி ஆரமிச்சிட்டியா? சொல்லவே இல்ல!" என்றார். உன் அப்பா அதைக் கையில் எடுத்துத் துண்டால் துடைத்து, "என் பையனுதுபா. அவன் வரைஞ்சான், நான் அச்சு போட்டேன்" என்றார். "அப்போ ஒரு படம் புடிச்சிக்கலாம், நில்லு அண்ணாத்தே" என்று பட்டறைக்காரர்தான் தன் போனை எடுத்தார். "நீயும் வாமே" என்று உன் அப்பா என்னைக் கூப்பிட்டார். எனக்கு வேர்த்து வழிந்துகொண்டிருந்தது, புடவையெல்லாம் கரி, நான் போகவில்லை. அவர் மட்டும் நின்றார், போனை மார்போடு பிடித்துக்கொண்டு, முதுகுப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி. முன்பல் ஒன்று விழுந்ததிலிருந்து வாயை மூடிக்கொண்டே சிரிக்கிற மனுஷன், அன்று அந்தப் பல் இல்லாத இடம் தெரியச் சிரித்தார். சாயங்காலத்துக்குள் அந்தப் படம் எஸ்டேட் சங்கத்து பேஸ்புக் பக்கத்தில் வந்துவிட்டது. வந்ததை எனக்குக் காட்டினார், எத்தனை பேர் லைக் போட்டிருக்கிறார்கள் என்று படுக்கப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

உன் கம்பெனி தீபாவளி கழித்துத்தான் டிசைனைப் பதிவு பண்ண விண்ணப்பம் போட்டது. அது அப்போது நமக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. போன் கடைக்கு வந்தது, விற்றது. ஒரு வருஷத்துக்குள் அதே முதுகோடு இன்னொரு போன் வந்தது, விலை பாதி. கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஒரு கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தான். நான் இரண்டையும் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தேன். அதே பள்ளம், அதே மடிப்பு. "இன்னாமா தேடற? ரெண்டும் ஒண்ணுதான், பேருதான் வேற. வெல கம்மியா கீறத எடுத்துக்க" என்றான் கடைக்காரன். "இது என் பையன் பண்ணது, அது திருட்டு" என்றேன். அவன் கண்ணடித்து, "அப்போ நீதாம்மா எனக்கு டிஸ்கவுன்ட் குடுக்கணும்" என்றான். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வீடு வந்து சேரும்வரை அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன், ஆட்டோக்காரர் பயந்துபோய்த் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

கம்பெனி கேஸ் போட்டபோது நீ நடந்த நடை எனக்கு ஞாபகம் இருக்கிறது. "கோடு கோடா காப்பிம்மா, அவங்க தப்பிக்கவே முடியாது" என்றாய். அப்பா அன்று ஸ்வீட் வாங்கி வந்தார். பிறகு எதிர்த்தரப்பு பதில் போட்டது. அந்தப் பதிலோடு எஸ்டேட் சங்கத்துப் பக்கத்திலிருந்து எடுத்த அவர் படமும் வந்தது. பதிவுக்கு விண்ணப்பம் போடுவதற்கு முன்னாலேயே ஊருக்குக் காட்டிவிட்ட டிசைன் புதுசு இல்லையாம், புதுசு இல்லாததற்கு உரிமை கிடையாதாம். திருடினவனைக் கோர்ட்டில் யாரும் திருடன் என்று சொல்லவில்லை, திருடினாயா என்றுகூடக் கேட்கவில்லை. இந்தப் படம் எந்தத் தேதியில் வந்தது என்று மட்டும் கேட்டார்களாம். உனக்கு விளங்குகிற சட்டம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நீ வந்த வேகத்தில் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாய். "யாருப்பா உன்ன இதப் போடச் சொன்னது?" என்றாய். அவருக்கு முதலில் புரியவில்லை, தன் படத்தைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். புரிந்ததும், "நான் வேணா ஜட்ஜாண்ட வந்து சொல்றேன்டா, எனக்குத் தெரியாதுன்னு" என்றார். "நீ எதுவும் சொல்லாத! இத்தினி நாள் சொன்னதே போதும். ஊருக்கு முன்னாடி பெருமையடிச்சிக்க என் பொழப்புதான் கெடச்சுதா உனக்கு?" அவர் சோற்றில் கையை வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய்க் கை கழுவினார். நான் உன்னைத் தடுக்கவில்லை. எனக்கும் அன்று அவர் மேல்தான் ஆத்திரம். அந்த இன்னொரு போனை விற்கக் கோர்ட் தடை தரவில்லை, கம்பெனி கேஸை விட்டுவிட்டது, பத்திரம் மீறப்பட்டது என்று உன்னை ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொன்னது. நீ பெங்களூருக்குப் போய்விட்டாய். போகிற அன்று அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் போனாய். அவர் மாடியில் துணி காய்கிறதா என்று பார்க்கிற மாதிரி நின்றுகொண்டு, நீ தெரு திரும்பும்வரை பார்த்தார்.

இப்போது அம்மாவாக ஒன்று சொல்லிக்கொள்கிறேன், கேட்டுக்கொள். நீ போகிற ஊரிலும் உன் வேலையை எவனாவது பார்த்துச் செய்வான். உன் பழைய கம்பெனியேகூட அதற்கு முந்தின போனை யாருடையதையோ பார்த்துத்தான் பண்ணினது என்று நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். நான் தையல் வேலை செய்த காலத்தில், அடுத்த தெருக்காரி என் பிளவுஸ் ஒன்றை யாரிடமோ இரவல் வாங்கி, முதுகில் நான் வெட்டின வளைவை அப்படியே வெட்டிக் கடைக் கண்ணாடியில் மாட்டிவிட்டாள். உன் போனுக்கும் முதுகு, என் பிளவுசுக்கும் முதுகு, நம் வீட்டுக்கு அப்படி ஒரு ராசி. நான் கத்தரிக்கோலோடு சண்டைக்குக் கிளம்பினேன். உன் அப்பாதான் குறுக்கே நின்று, "போய் நல்லா கத்திட்டு வா, கத்திரிய மட்டும் ஊட்லயே வச்சிட்டுப் போ" என்றார். போய்க் கத்தினேன். வந்ததும் ஆறிவிட்டது. கத்துவது தப்பில்லை, நைனா. எவன் எடுத்தானோ அவன் வாசலில் போய்க் கத்த வேண்டும். நீ அந்த போன்காரன் வாசல் எட்டவில்லை என்று வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆளிடம் கத்தினாய்.

உன் பேச்சால் செத்தார் என்று நான் சொல்லவே மாட்டேன், யாராவது சொன்னாலும் விடமாட்டேன். அவருக்குச் சர்க்கரை, பிரஷர், டாக்டர் சொன்னது எதையும் கேட்காத வாய். காலையில் பட்டறைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டக் குனிந்தவர் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அதில் உன் பங்கு எதுவும் இல்லை. ஆனால் சமீபத்தில் எடுத்த நல்ல படம் ஒன்றுகூட ஏன் இல்லை என்று அன்று எல்லாரும் கேட்டார்களே, அதற்குப் பதில் எனக்கு மட்டும்தான் தெரியும். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அந்தச் சத்தியத்தை இப்போது மீறுகிறேன், அவர் வந்து கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நீ பெங்களூர் போன மறுவாரம், பூந்தமல்லி வரை ஒரு வேலை என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். பட்டறை வேலைக்கு எதற்கு வெள்ளைச் சட்டை என்று கேட்பதற்குள் படி இறங்கிவிட்டார். சாயங்காலம் வந்து போனை மேஜை மேல் வைத்தார். காமிரா மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. "இன்னாங்க இது?" என்றேன். "கேட்ல ஒட்டினாங்க. காமிராவோட உள்ள வுட மாட்டாங்களாம்" என்றார். உன் கம்பெனிக்குப் போயிருக்கிறார், நைனா. செக்யூரிட்டி பக்கத்தில் மத்தியானம் வரை நின்றிருக்கிறார். ஒரு பெண் வந்து உட்கார வைத்து, டீ கொடுத்து, என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். "தப்பு பண்ணது நாந்தாம்மா. அவனுக்கு ஒண்ணும் தெரியாது, அவன் அன்னிக்கி ஊர்லயே இல்ல. அவன மறுபடியும் சேத்துக்கங்க. என்ன வேணா எழுதித் தரேன்" என்றாராம். அந்தப் பெண் பாவம், அவளால் என்ன செய்ய முடியும், மன்னிச்சிக்குங்க அங்கிள் என்று கேட் வரை கூடவே வந்திருக்கிறாள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "அவனாண்ட சொல்லிடாதமே. அங்கயும் போய் மானத்த வாங்கினியான்னு கேப்பான்" என்றார்.

ஸ்டிக்கரை நான் பிரிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "இருக்கட்டும். அவங்க செய்றது கரெக்ட்டுதான். எனக்கெல்லாம் ஒட்டிதான் வைக்கணும்" என்றார். அவர் இருந்தவரை அதைப் பிரிக்கவே இல்லை. ஆவடியில் என் அண்ணன் மகள் கல்யாணத்தில் போட்டோகிராபர் குடும்பத்தைக் கூப்பிட்டபோது, பந்தியைப் பார்க்கிறேன் என்று உள்ளே போய்விட்டார். அந்த ஆல்பம் முழுக்கத் தேடினேன், ஒரு படத்தில் அவர் முழங்கை மட்டும் இருக்கிறது.

ஆயுத பூஜைப் படத்தைச் சங்கத்துக்காரர்களும் எடுத்துவிட்டார்கள், அவரும் தன் போனிலிருந்து அழித்துவிட்டார். மிச்சம் இருந்தது நீ அலமாரியில் விட்டுப்போன கேஸ் கட்டுக்குள் ஒரே ஒரு கலர் பிரின்ட். அதைத்தான் கரையான்சாவடி ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினேன். அந்த ஸ்டூடியோக்காரர் பார்த்துவிட்டு, "மேல ஏதோ நம்பர் கீதே, அழிச்சிடவாம்மா?" என்றார். அது கோர்ட்டில் போட்ட நம்பர், அழித்துவிடச் சொன்னேன். "கையில கீற போனையும் எடுத்துட்டு, கும்புட்ற மாதிரி பண்ணிடட்டா? சாமி படத்துக்கு அதான் நல்லா இருக்கும்" என்றார். அதில் கை வைக்காதீர்கள் என்று சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, அவர் மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

இன்று காலை ஆணி அடித்து அதை மாட்டிவிட்டேன். நீ வேண்டாம் என்று சொன்னது என் காதில் விழாமல் இல்லை. பெங்களூர் பஸ்ஸில் வந்தால் குத்தம்பாக்கத்தில் இறங்கிக்கொள், உன் சித்தப்பா வண்டியோடு வருவார். வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டுப் பார். பார்த்த பிறகும் அது அங்கே இருக்கக் கூடாது என்று தோன்றினால், நான் சண்டை போட மாட்டேன். ஆனால் கழற்றச் சொல்லி என்னிடமோ உன் சித்தப்பாவிடமோ சொல்லாதே. நீயே ஸ்டூல் போட்டு ஏறு. ஏறினால் உன் முகத்துக்கு நேரே அவர் சிரிக்கிற முகம் வரும். அதைப் பார்த்துக்கொண்டே உன் கையால் கழற்றி என்னிடம் கொடு, வாங்கி உள்ளே வைத்துவிடுகிறேன்.

அம்மா